குரங்கு கடித்தால் என்ன செய்ய வேண்டும்?

“போர்டு வச்சும் குரங்குக்கடி ஏறித்தான் இருக்கு கிங்ஸ்லி. அப்படி என்னத்தத்தான் எழுதி வச்சிருக்கீங்க?”

மேலதிகாரி டாக்டர் உமாதேவி போனை வைத்த பிறகும் கிங்ஸ்லிக்குக் காது சுட்டது. குற்றாலத்தில் சீசன். கடி குறையாவிட்டால் சுகாதார ஆய்வாளரான அவருக்கு மாற்றல் நிச்சயம் என்று அம்மாள் சொல்லிவிட்டார். தென்காசியில் கிங்ஸ்லி கட்டிய வீட்டில் இன்னும் பெயின்ட்கூடக் காயவில்லை.

அருவிக்குப் போகிற பாதையில் அவர் வைத்த பலகையில் இரண்டே வரி. ‘குரங்கு கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவவும். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.’ பச்சைப்பிள்ளைக்கும் புரியும் என்றுதான் நினைத்தார்.

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவருக்கு அது நன்றாகவே புரிந்தது. கடிபட்ட கையோடும் சோப்போடும் நேராக அருவிக்குள் போய்விட்டார். அங்கே சோப்புக்குத் தடை. போலீஸ்காரர் பிடித்துக்கொண்டுவந்து கிங்ஸ்லி முன்னால் நிறுத்தினார்.

“ஓடுத தண்ணின்னு நீருதானவே எழுதி வச்சிருக்கீரு! இதவிட ஓடுத தண்ணி உலகத்துல எங்கன இருக்கு?” என்று வியாபாரி சத்தம் போட்டார்.

பலகையில் ‘அருவியில் அல்ல, குழாயில்’ என்று ஒரு வரி சேர்ந்தது. குழாய் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டதால் வழியும் சேர்ந்தது. மஞ்சள் அப்பாதே, சுண்ணாம்பு தடவாதே என்று இன்னும் நாலு வரி. கேரளாக்காரர்கள் வருகிறார்களே என்று டாக்டர் சொன்னதால் அத்தனையும் மலையாளத்திலும். பலகை ஆள் உயரம் வளர்ந்தது. கடியும் கூடவே வளர்ந்தது.

“படம் இல்லாம எவன் படிப்பான்?” என்று கிங்ஸ்லி தலையில் அடித்துக்கொண்டு, பண்பொழியிலிருந்து ஓவியர் நாறும்பூநாதனைக் கூட்டிவந்தார். கோயில் சுவர்களுக்குப் படம் எழுதுகிறவர் அவர். வரைந்த குரங்கின் கண்ணில் கருணை வழிந்தது. மறுநாளே பலகைக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“அண்ணாச்சி, கடிக்கிற மூஞ்சியா இது?”

“சாமி மூஞ்சி போட்டே பழகுன கை சார். என்ன செய்யச் சொல்லுதிய?”

“பல்லையாவது போடும்!”

“ஆஞ்சநேயருக்குப் பல்லா? பாவம்லா சார்!”

“அது ஆஞ்சநேயர் இல்லவே! குரங்கு! வெறும் குரங்கு!”

அரைநாள் வாக்குவாதத்துக்குப் பிறகு பல் வந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்றார்கள். சிலர் செல்பி எடுத்தார்கள். கையில் நேந்திரங்காய்ச் சிப்ஸும் மங்குஸ்தான் பையுமாக அண்ணாந்து ஒரு வரி விடாமல் வாசித்தார்கள். கிங்ஸ்லிக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. ‘இனி எவனாவது கடி வாங்கட்டும், பார்க்கலாம்’ என்று மனதுக்குள் சவால்கூட விட்டார்.

அந்த வாரம் ஊசி மருந்தே தீர்கிற நிலைக்கு வந்துவிட்டது.

“மாற்றல் ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கு,” என்றார் டாக்டர்.

கிங்ஸ்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஊசி போடுகிற அறைக்கு வெளியே வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. கடைசியில் நின்ற எப்சிபா என்ற பெண் கையில் கட்டோடு முனகிக்கொண்டிருந்தாள். கிங்ஸ்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏம்மா, எத்தாம் பெரிய போர்டு வச்சிருக்கேன்! ராப்பகலா மண்டைய உடைச்சு எழுதினது! அதை முழுசாப் படிச்சியளா, இல்லையா?”

எப்சிபா வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “முழுசா எங்க சார் படிக்க விட்டுது? இங்கன நிக்க அம்புட்டுப் பேரையும் அந்தப் போர்டைப் படிச்சிக்கிட்டு நிக்கையிலதான் கடிச்சிருக்கு!”