லூன் க்ரீக் மருந்துக்கடை

வெர்லின் ஹோகன் தன் எழுபத்து நான்காவது வயதில் சுதந்திரப் பிரகடனம் செய்தார். இந்த வருஷம் தன் மருந்துக் காப்பீட்டுத் திட்டத்தைத் தானே தேர்ந்தெடுக்கப் போகிறார்.

"நீயா?" என்றாள் ஆர்டிஸ்.

"நான்தான்."

"போன வாரம் ஒரு ஜோடி காலுறை எடுக்க முக்கால் மணி நேரம் நின்ன. கடைசியில ரெண்டும் வேற வேற அளவு."

"அது காலு. இது உடம்பு."

"பரவாயில்லையே," என்றாள் அவள்.

மினசோட்டாவில் மனைவி 'பரவாயில்லையே' என்று சொன்னால் விவரம் தெரிந்த கணவன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். வெர்லினும் போனார்.

வருஷா வருஷம் வயதானவர்கள் காப்பீட்டுத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் இந்தக் கூத்து அக்டோபர் பாதியில் தொடங்கும். தபால் பெட்டி வாய் மூட முடியாமல் விளம்பரத் தாள்களைத் தின்னும். தொலைக்காட்சியில் தலை நரைத்த ஜோடிகள் மாத்திரை சாப்பிடுவதே பாக்கியம் என்பதுபோல் சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டும். ஒவ்வொரு வருஷமும் ஆர்டிஸ் எல்லாத் தாள்களையும் படித்து, இருவருக்கும் ஆளுக்கொரு திட்டம் பார்த்து, காட்டிய இடத்தில் வெர்லின் கையெழுத்துப் போடுவார். இது நாள்வரை அவருக்கு அதில் மனக்குறை இருந்ததில்லை.

இப்போது வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது வட்டமாக, பழுப்பாக, சாப்பாட்டுத் தட்டின் அளவில் இருந்தது. இருபத்திரண்டு மைல் தள்ளி லூன் க்ரீக்கில் ஒரு காபிக்கடை. அங்கே கிடைக்கும் கேரமல் ரோல், சர்க்கரைப் பாகு வழியும் சுருள் ரொட்டி. சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷம். ரோலைப் பார்த்தும் ஆறு வருஷம். ஓய்வு பெற்றவன் காரணமில்லாமல் இருபத்திரண்டு மைல் கார் ஓட்ட முடியாது. ஆர்டிஸின் கணவன் என்றால் இரண்டு மைல்கூட முடியாது. ஆனால் அந்தக் காபிக்கடையை ஒட்டினாற்போல் ஒரு மருந்துக்கடை.

நவம்பரில் ஊர் நூலகத்தில் எமில் உட்கார்ந்திருப்பார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயதானவர்களுக்குத் திட்டம் பார்த்துக் கொடுப்பது அவர் செய்யும் இலவசச் சேவை. வெர்லின் தன் மாத்திரை டப்பாக்களை ஒரு காகிதப் பையில் அள்ளிக்கொண்டு போய் மேசையில் கொட்டினார். எமில் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார்.

"ஏழு மருந்து. எந்தக் கடையில வாங்குவீங்க?"

"லூன் க்ரீக்ல."

எமில் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க சமையலறை ஜன்னல்லேருந்து பாத்தா நம்ம ஊர் மருந்துக்கடை தெரியுமே?"

"தெரியுது. பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு."

"எல்லாரும் மருந்துக்கு ஏத்த திட்டம் கேப்பாங்க. நீங்க கடைக்கு ஏத்த திட்டம் கேக்குறீங்க."

"இருக்கா, இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. அந்தக் கடையில வாங்கினாத்தான் மலிவு. நம்ம ஊர்ல வாங்கினா செலவு கூடும். இல்லேன்னா மூணு மாசத்துக்குச் சேத்துத் தபால்ல..."

"வேண்டாம்!" நூலகத்தில் நான்கு தலைகள் திரும்பின. வெர்லின் குரலைத் தணித்தார். "மாசாமாசம். நேர்ல. மருந்துக்காரர் முகத்தைப் பாத்து வாங்கினாத்தான் எனக்குக் குணமாகும்."

"டிசம்பர் ஏழு தாண்டிட்டா மாத்த முடியாது. அடுத்த வருஷம் பூரா இதுதான், யோசிச்சுக்கோங்க."

"பூராவுமா?" வெர்லின் மனத்துக்குள் பன்னிரண்டு ரோல்களை எண்ணி முடித்தார். "போடுங்க."

இரண்டு வாரத்தில் காப்பீட்டுக் கடிதம் வந்தது. உரமூட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிறவள் ஆர்டிஸ். நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள்.

"லூன் க்ரீக்கா?"

"நான் என்ன பண்ண? காப்பீட்டுக்காரன் வச்சதுதான் சட்டம்."

"மாசம் ஒரு தடவையா?"

"வயசான காலத்துல இப்படி அலையணும்னு எழுதியிருக்கு." ஒரு பெருமூச்சும் விட்டார். நன்றாகவே வந்தது.

"பாவம் நீ," என்றாள் ஆர்டிஸ். கோட்டை மாட்டினாள்.

"எங்க?"

"நூலகத்துக்கு. புத்தகம் திருப்பிக் குடுக்கணும்."

அவள் கையில் புத்தகம் எதுவும் இல்லை. வெர்லின் அதைக் கவனிக்கவில்லை. மனத்துக்குள் கேரமல் உருகிக்கொண்டிருந்தது. அன்று டிசம்பர் மூன்று.

ஜனவரி முதல் செவ்வாய்க்கிழமை. மூக்கு உறையும் குளிர். வெர்லின் காரைச் சூடாக்கிவிட்டுக் கையுறை எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது பக்கத்து இருக்கையில் ஆர்டிஸ் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க?"

"மருந்து வாங்க."

"உன் மருந்துதான் நம்ம ஊர்லயே..."

"அது போன வருஷம். உன் கடிதத்தைப் படிச்சிட்டு எமில்கிட்ட போனேன். என் மருந்துகளைப் போட்டுப் பாத்தார். எனக்கும் அந்தத் திட்டம்தான் மலிவு. இத்தனை வருஷமா என் கண்ணுல படல. உனக்குத்தான் நன்றி சொல்லணும்."

"குளிருது. உன்னோடதையும் நானே வாங்கிட்டு வந்துடறேனே."

"நீ தனியா அலையுறது எனக்குப் பொறுக்கல, வெர்லின்."

இருபத்திரண்டு மைலும் அவள் வழியிலிருந்த பனியைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். மருந்து வாங்கியதும் வெர்லின், பக்கத்தில் கடை எதுவுமே இல்லாததுபோல் நேரே காரைப் பார்த்து நடந்தார். ஆர்டிஸ் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன வாசனை இது?"

உள்ளே உட்கார்ந்ததும் பரிமாறும் பெண் ஓடி வந்தாள். "வெர்லின்! எத்தனை வருஷமாச்சு! வழக்கம்போல கேரமல் ரோல்தானே? வெண்ணெய் தூக்கலா?"

வெர்லின் உப்புக் குப்பியை ஆராய்ந்தார்.

"ரோல் எனக்கு," என்றாள் ஆர்டிஸ். "வெண்ணெய் தூக்கலாவே இருக்கட்டும். இவருக்குக் கறுப்புக் காபி."

ஆர்டிஸ் அவசரப்படவில்லை. சுருளை வெளியிலிருந்து உள்ளே, சுற்றுச் சுற்றாகப் பிரித்துத் தின்றாள். நடுவிலிருந்த மெத்தென்ற துண்டு போகும்வரை வெர்லின் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படியிருக்கு?" என்று கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மோசமில்ல." எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பிறகு விரல்களைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். "மாசாமாசம் முதல் செவ்வாய்க்கிழமை வருவோம், இந்த மேசையை எங்களுக்கு வச்சிடு. டிசம்பர் வரைக்கும் மாத்த முடியாதாம்."