மாப்பிள்ளையின் கேமரா வழிகாட்டி, இரண்டாம் பதிப்புக்கு முன்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன தடவை வந்தபோது நீங்கள் கொடுத்துவிட்டுப் போன கேமராவும், நீங்களே எழுதிய கேமரா வழிகாட்டியும் பத்திரமாக இருக்கின்றன. "மாமா, ரெண்டாம் பதிப்பு வருது. கேமராவைத் தொட்டே பார்க்காத ஒருத்தர் படிச்சுட்டு, மனசுல பட்டதை அப்படியே எழுதணும். தயவுதாட்சண்யமே வேண்டாம்" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள். மாப்பிள்ளை பேச்சை மாமனார் தட்டக் கூடாது. ஆகவே தாட்சண்யத்தை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படிக்கவும்.

முதலில் எடை. கேமராவை ஒரு கையாலும் புத்தகத்தை ஒரு கையாலும் தூக்கினால் புத்தகம் இருக்கிற பக்கம் நான் சாய்ந்துவிடுகிறேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான் முப்பத்தாறு வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். உயிரைக் காப்பாற்றுகிற மருந்துக்கே உறை மேல் மூன்று வரிதான் எழுதுவேன்: எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா. நீங்களோ "ஒளி என்றால் என்ன?" என்று ஆரம்பித்து, சூரியனில் புறப்பட்டு, மெழுகுவர்த்தி வழியாக, மின்மினிப்பூச்சியிடம் கொஞ்ச நேரம் இளைப்பாறி, முப்பத்தொன்பதாம் பக்கத்தில்தான் "இப்போது கேமராவைக் கையில் எடுங்கள்" என்கிறீர்கள். அதற்குள் கேமரா சோபா இடுக்கில் போய்விட்டது. நான் அதைத் தேடி எடுப்பதற்குள் நீங்கள் நிழலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

சரி, எழுதியவர் நம் வீட்டுப் பிள்ளை, ஒரு வரி விடக் கூடாது என்று தினம் காலையில் பல் தேய்த்த கையோடு உட்கார்ந்து படித்தேன். நான்காம் நாள் ஏதோ ஒரு பட்டனை அமுக்க, திரையில் இருந்த எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது. எந்த நாட்டு மொழியோ, இன்றுவரை தெரியாது. உடனே உங்கள் புத்தகத்தைப் புரட்டினேன். நூற்றெட்டாம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறீர்கள்: "மெனுவில் 'மொழி' என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கவும்." மாப்பிள்ளை, அந்தச் சொல்லைப் படிக்கத் தெரிந்தால் நான் ஏன் மொழியை மாற்றப் போகிறேன்? இரண்டு நாள் அந்தக் கோழிக் கிளறலோடு மல்லாடினேன். மூன்றாம் நாள் காலை பார்த்தால் எழுத்து தானாகத் தமிழுக்குத் திரும்பியிருக்கிறது. பேட்டரி சூடு ஆறியதும் சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன். இப்படி ஒரு குணம் கேமராவுக்கு உண்டு என்பதையாவது புத்தகத்தில் சேர்த்திருக்கலாம்.

அடுத்தது பழகுகிற விஷயம். "அசையும் பொருட்களைப் படம் எடுத்துப் பழகுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடியிருப்பில் காலை ஆறரை மணிக்கு அசைகிற பொருள் எதிர்மாடி வக்கீல் ஒருவர்தான். பால்கனியில் இடுப்பில் கைவைத்து இப்படியும் அப்படியும் திரும்பி உடற்பயிற்சி செய்வார். நல்ல சீரான அசைவு. இருபத்தாறு படம் எடுத்தேன். இருபத்தேழாவதற்குக் கண்ணை வைத்தால் பால்கனி காலி. அழைப்பு மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் துண்டோடு வக்கீல்.

"என்ன சார், என் இடுப்பு மேல உங்களுக்கு என்ன அக்கறை?"

"இல்லீங்க, புத்தகத்துல போட்டிருக்கு" என்று அறுபத்தொன்றாம் பக்கத்தை விரித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை இறக்கி முழுப் பத்தியையும் படித்தார். "இதுல எங்க சார் என் பேரு இருக்கு?" என்றார். இப்போது அவர் பால்கனியில் திரை போட்டிருக்கிறார். மாடிப்படியில் எதிரே வந்தால் வயிற்றை எக்கிக்கொண்டு போகிறார். ஒரு மனிதரைப் படம் எடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதை நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு ஓரத்தில் போட்டிருந்தால், இருபது வருஷத்துப் பழக்கம் திரைக்குப் பின்னால் போயிருக்காது.

இதெல்லாம் கூடப் போகட்டும். போன வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் அத்தை பணி ஓய்வு பெற்ற நாள் அது. எலும்பு முறிவு வார்டில் முப்பத்திரண்டு வருஷம். அதில் பதினான்கு வருஷம் தலைமைச் செவிலியர். "எனக்கு மேடை வேண்டாம், பேச்சு வேண்டாம். எங்க வார்டு ஆளுங்க எல்லாரும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேணும். அப்படி ஒண்ணு என்கிட்ட இல்லவே இல்ல" என்று மட்டும் கேட்டிருந்தார். வழக்கமாகப் படம் எடுக்கிற ஆஸ்பத்திரி அலுவலகக் குமாஸ்தா, அதற்கு முந்தின நாள்தான் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு அதே வார்டில் ஏழாம் கட்டிலில் படுத்திருந்தார். உங்கள் அத்தை என்னைப் பார்த்தார். திருமணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட விஷயங்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். "நான் இருக்கேன்ல?" என்றேன். 

பகல் ஷிஃப்டும் மாலை ஷிஃப்டும் மாறுகிற கால் மணி நேரம்தான் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். பக்கத்து வார்டிலிருந்து ஆட்களைக் கேட்டு வாங்கி நோயாளிகளிடம் நிறுத்திவிட்டு, முப்பத்து நான்கு செவிலியர்கள், அவர்களோடு பெரிய டாக்டர், எல்லோரும் வார்டை ஒட்டிய நடைப்பயிற்சிக் கூடத்தில் மூன்று வரிசையாக நின்றார்கள். நான் முக்காலியில் கேமராவை மாட்டி முதல் படம் எடுத்தேன். கறுப்பு. வெறும் கறுப்பு. முப்பத்தைந்து பேரும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. புத்தகத்தை எடுத்தேன். பொருளடக்கத்தில் "குழுப் படம்" என்று தேடினால் கிடைக்குமா? உங்கள் தலைப்புகள் எல்லாம் "நிழலின் மௌனம்", "கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே" என்று இருக்கின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் எந்த மௌனத்தில் போய்த் தேடுவது? ஒருவழியாகக் கண்டுபிடித்தால், "படம் இருட்டாக வந்தால் ஒன்பதாம் அத்தியாயம் பார்க்க" என்று இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் "இதை நான்காம் அத்தியாயத்திலேயே பார்த்தோம்." நான்காவதில் "உங்கள் கேமராவுடன் வந்த கையேட்டைப் பார்க்கவும்." மாப்பிள்ளை, அரசு அலுவலகத்தில்கூட மூன்றாவது ஜன்னலில் ஒரு ஆள் இருப்பார்.

"ஐயா, லென்ஸ் மூடியைக் கழட்டியாச்சா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தச் செவிலியருக்கு வார்டில் 'மைக்' என்று பட்டப்பெயர். காதோடு பேசினாலும் மூன்று மாடிக்குக் கேட்கும். கழற்றவில்லைதான். கழற்றினேன். அதையும் உங்கள் புத்தகம் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வெளிச்சம் வந்தது. இப்போது உங்கள் அத்தை, "நீங்களும் வந்து நில்லுங்க. நீங்க இல்லாம என்ன படம்?" என்று சொல்லிவிட்டார்.  அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த தப்பு நடந்தது என்று நினைக்கிறேன். தானாக எடுக்கிற வசதியை முடுக்கிவிட்டு ஓடிவந்து நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. என்ன ஆச்சென்று கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். டிக். மறுபடி முடுக்கினேன், ஓடினேன், நின்றேன், சந்தேகம் வந்தது, போனேன், குனிந்தேன். டிக். இப்படி ஒன்பது படம். ஒன்பதிலும் என் மூக்கு. ஒரு படத்தில் இடது துவாரம் மட்டும். பின்னால் தூரத்தில் எறும்பு வரிசை மாதிரி வெள்ளைச் சீருடைகள். எத்தனை விநாடி பொறுக்க வேண்டும், அதுவரை கேமராவில் என்ன விளக்கு மினுக்கும் என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்தா போகும்?

எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அந்த நேரத்தில் உங்கள் அத்தை வந்து, "லென்ஸ்ல தூசி" என்று புடவைத் தலைப்பால் கேமராவைத் துடைத்துவிட்டுப் போய் நின்றுகொண்டார். முகத்தில் கோபமே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. ஒரே ஒரு படம் கேட்டவருக்கு ஒன்பது மூக்கைக் கொடுத்திருக்கிறேனே! கடைசியாக ஒருமுறை முடுக்கிவிட்டு, இந்தத் தடவை உயிரே போனாலும் திரும்பிப் போவதில்லை என்று புத்தகத்தோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பொறுத்தேன். நடக்கவில்லை. சும்மா நிற்பானேன் என்று விரித்த பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன்: "புகைப்படக் கலைஞன் எல்லாவற்றுக்கும் முன்பு தன் மூச்சைக் கவனிக்க வேண்டும். நிதானமாக உள்ளே இழுங்கள். மெல்ல வெளியே விடுங்கள்."

"இதைத்தானேய்யா நான் எக்ஸ்ரே எடுக்கும்போது தினம் சொல்றேன்!" என்றார் பெரிய டாக்டர்.

மைக் சிரித்தது முதலில். அது சிரித்தால் கட்டில்கள் அதிரும். அப்புறம் மூன்று வரிசையும் சேர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏழாம் கட்டிலிலிருந்து, "என்னாச்சு, என்னாச்சு, எனக்கும் சொல்லுங்க" என்று குமாஸ்தா கத்துகிறார். அப்போது, டிக்.

அந்தப் படத்தின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பாருங்கள். ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. பெரிய டாக்டர் வயிற்றைப் பிடித்திருக்கிறார். நான் வாய் பிளந்து புத்தகத்தோடு நிற்கிறேன். நடுவில் உங்கள் அத்தை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். முன்பல் ஒன்று தூக்கலாக இருக்கிறது என்று எந்தப் படத்திலும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறவர் அவர். எங்கள் திருமணப் படத்தில்கூட ஊசி போட்டுக்கொள்கிற மாதிரிதான் இருப்பார். வெள்ளிக்கிழமை முதல் அந்தப் படம் நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. பின்பக்கம் "எடுத்தவர்: நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆக, மாப்பிள்ளை, என் முடிவு இது. உங்கள் புத்தகத்தின் உதவி துளியும் இல்லாமல்தான் இந்த நல்ல படம் அமைந்தது. இரண்டாம் பதிப்பில் சூரியனை எடுத்துவிடுங்கள். மின்மினியையும். தடுமாறி நிற்கிறவன் எந்தக் கேள்வியோடு வருவானோ அந்தக் கேள்வியையே தலைப்பாகப் போடுங்கள்: ஏன் கறுப்பாக வந்தது, ஏன் கலங்கியிருக்கிறது, மொழி மாறிப்போனால் எதை அமுக்குவது. அழகான படங்களை மட்டும் அச்சடிக்காமல் கெட்டுப்போன படங்களையும் போட்டு, எதனால் கெட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். என் ஒன்பது மூக்கையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். முடிந்தால் இதையெல்லாம் சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரே ஒரு அட்டையில் போட்டுக் கொடுங்கள். நானூறு பக்கம் தேவையே இல்லை. நாலு விரல் அகல அட்டை போதும்.

மனதில் பட்டதைச் சொன்னேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், எழுத்தும் தொழிலும் பெருகி, நல்லபடியாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகத்தை முழுவதும் படித்த ஒரே மனிதர்,
மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுறது. கடிதத்தை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்துட்டு உங்க மாமா கடைக்குப் போயிருக்கார். அவர் எழுதினதை வச்சு புத்தகத்துல எதையும் மாத்திடாதீங்க. பின்னட்டையோட உள்பக்கம் ஒரு உறை தச்சு, அதுக்குள்ள நாலு விரல் அகலத்துல ஒரு அட்டை வச்சிருக்கீங்களே, அதை அவர் பார்க்கவே இல்ல. முன்னாலேருந்து படிச்சுக்கிட்டு வர்றார், இப்போ நூத்தி நாப்பதுல இருக்கார். நான் கடைசியிலேருந்து புரட்டினேன், முதல் நாளே கெடச்சுது. மொழியைத் திருப்பினது நான்தான். மேலேருந்து மூணாவது பட்டன், நீங்க போட்டிருந்தபடி. வெள்ளிக்கிழமையும் தூசியெல்லாம் ஒண்ணும் இல்ல. அட்டையில இருந்த மாதிரி கேமரா மேல இருக்கிற சக்கரத்தை ரிமோட் படம் போட்ட இடத்துக்குத் திருப்பி வச்சுட்டு, கேமராவோட நீங்க குடுத்த ரிமோட்டை உள்ளங்கையில மறைச்சுக்கிட்டு வந்து நின்னேன். அப்போ அதை ஏன் முன்னாடியே செய்யலன்னு கேப்பீங்க. முப்பத்திரண்டு வருஷத்துல எங்க வார்டு ஆளுங்க அத்தனை பேரும் கட்டில் மணி எதுவும் அடிக்காம பத்து நிமிஷம் ஒண்ணா நின்னது அன்னைக்குத்தான். அதைச் சட்டுனு முடிக்க எனக்கு மனசு வரல. இதெல்லாம் நமக்குள்ள இருக்கட்டும். அந்தப் படத்தை எடுத்தது உங்க மாமாதான்.