பதினாறு குட்டிகளும் ஒரு நன்றியுரையும்

1988 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடி சேக்காட்டை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில், பள்ளி ஆய்வக உதவியாளர் வனஜாவின் வீட்டு மண்தொட்டியில் பதினாறு பச்சோந்திக் குட்டிகள் முட்டையிலிருந்து வெளிவந்தன.

தாய்மையைப் போற்றிய அமைப்புகள் உலகில் ஆயிரம் இருக்கலாம். தீர்மானம் நிறைவேற்றித் தாய்மையைக் காப்பாற்றியது எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றுதான். இணைச் செயலாளர் என்ற முறையில் கூட்டக் குறிப்பேட்டை எழுதியவன் நான். ஆகவே இங்கே சொல்லப்படுவது அனைத்தும் 'ஆதாரபூர்வமானது'.

வனஜா அப்படியொன்றும் பெரிய காரியம் செய்துவிடவில்லை. முந்திய நவம்பரில் செம்பருத்திப் பாத்தியைக் கொத்தும்போது இருபத்தொரு முட்டைகள் கிடைத்தன. அதற்கு முந்திய வருடம் கிடைத்தவை பூஞ்சை பிடித்து வீணாகியிருந்தன. இம்முறை மணல் காயாமலும் சொதசொதக்காமலும் ஒன்பது மாதம் பார்த்துக்கொண்டார். பிறந்த குட்டி ஒவ்வொன்றும் ஓர் அங்குலம். கொசுவலை கட்டிய மரச்சட்டத்துக்குள் ஒரு கறிவேப்பிலைக் கன்றில் அவற்றைக் குடியேற்றினார். அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் பொடி ஈக்கள்தான் சாப்பாடு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அவற்றுக்குக் குடிக்கத் தெரியாது. இங்க் ஃபில்லரால் இலை இலையாகச் சொட்டு வைக்க வேண்டும். விரல் நீளம் வளர்ந்ததும் வேலியில் விட்டுவிடுவது அவர் திட்டம். இவ்வளவுக்கும் ஒரு கமிட்டி இல்லை, தலைமை விருந்தினர் இல்லை, பேனர்கூட இல்லை.

குடியிருப்பு விதிப்படி வீட்டில் எந்த உயிரினத்தையும் வளர்க்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும். புதன்கிழமைக் கூட்டத்துக்கு வனஜா மனுவோடு வந்தார். செயலாளர் பரந்தாமன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தாய் எங்கம்மா?"

"முட்டை போட்டு மண்ணை மூடிட்டுப் போயிடும் சார். அதோட சரி."

"பதினாறு பச்சைக் குழந்தைங்க, தாயில்லாம. அதுவும் தாய்-சேய் நல வாரம் வர்ற நேரத்துல."

"அதுக்குத் தன் குட்டின்னு தெரியாது சார். சின்னதா எது அசைஞ்சாலும் பூச்சின்னு நாக்கைப் போட்டுடும். அதனாலதான் பெரிசு எதையும் கிட்ட விடறதில்ல."

"தாய்மையைக் கொச்சைப்படுத்தாதீங்க. நீங்களும் ஒரு பெண்ணு."

ஓடிப்போன தாயைக் கண்டுபிடித்து, நல வார நிறைவு விழாவில் குட்டிகளோடு சேர்த்துவைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. சம்மதித்தால்தான் வளர்க்க அனுமதி. இல்லையென்றால் குட்டிகளை அன்றைக்கே வெளியே விட வேண்டும். அந்த வயதில் வெளியே விட்டால் காக்கைக்குத்தான். ஒன்பது மாதத்துக்கு முன் போன பச்சோந்தி இனி எங்கே கிடைக்கப்போகிறது என்ற நம்பிக்கையில் வனஜா கையெழுத்துப் போட்டார்.

அவருடைய ஆட்சேபத்தைப் பதிவு செய்யும் வழக்கம் எங்களிடம் இல்லை. பெண் உறுப்பினர் பேசினால் எழுதுவதற்கென்று ஒரே வாக்கியம்தான் இருந்தது: 'திருமதி வனஜா நன்றி கூறினார்.' அதையே எழுதினேன்.

சங்கத்தின் சக்தியை வனஜா குறைத்து மதிப்பிட்டுவிட்டார். எங்கள் தோட்டக்காரர் வேம்புலி, அண்ணனூர் ரயில் பணிமனைப் பக்கத்து வேலியில் ஒரு பெரிய பச்சோந்தியைப் பிடித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இதுதான் தாயா?" என்றார் பரந்தாமன்.

"இன்னா சார் கேக்கற. இதான் உங்கம்மான்னு சொன்னா அதுங்க எதிர்த்தா பேசப் போவுது?"

"பெண்ணுதானே?"

"பொடவையா கட்டிகினு கீது, பாத்துச் சொல்றதுக்கு? வேலில போறத எட்து மடில உட்டுக்கிறீங்க. அப்பால என்னியக் கேக்காத."

'தாய் என அடையாளம் காணப்பட்டது' என்று பரந்தாமன் சான்றளித்து முத்திரை வைத்தார். மேடையில் அசிங்கம் செய்துவிடக்கூடாது என்று வேம்புலியிடம் சொல்லி அதை மூன்று நாள் பட்டினி போடவும் செய்தார். இத்தகைய முன்யோசனை அரசுத் துறைகளிலேயே அரிது.

ஆகஸ்ட் 21, சமுதாயக் கூடம். மேடை நடுவில் கொசுவலைச் சட்டம். தலைமை விருந்தினர் கஸ்தூரி அம்மையார், மேலதிகாரி ஒருவரின் துணைவியார், ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்து 'தாயை' உள்ளே விடச் செய்தார்.

வனஜா எழுந்தார். "சார், அதை உடனே வெளிய எடுங்க."

பரந்தாமன் அழைப்பிதழைத் தூக்கிக் காட்டினார். "உங்க பேரு கடைசியிலதாம்மா போட்டிருக்கு. நன்றியுரை. உட்காருங்க."

வனஜா மேடைப் படியில் கால் வைத்தார். பேட்ஜ் குத்திய தொண்டர்கள் இருவர் மரியாதையாக மறித்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டார்கள்.

கஸ்தூரி அம்மையார் தாய்மை குறித்து இருபத்தைந்து நிமிடம் பேசினார். நடுவில் ஒருமுறை சட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் குரல் தழுதழுக்கச் சொன்னார்.

"பாருங்க, நாக்கை நீட்டி நீட்டி முத்தம் குடுக்குது."

கூடமே கைதட்டியது. நானும் தட்டினேன். வாசலில் நின்ற வேம்புலி மட்டும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு வனஜாவின் முறை வந்தது. அவர் முதலில் மைக்கிடம் போகவில்லை. வலையைத் திறந்து பெரிய பச்சோந்தியை எடுத்து வேம்புலியிடம் கொடுத்தார்.

"பாவம், பசி. பிடிச்ச வேலியிலயே விட்டுடுங்கண்ணா."

பிறகு சட்டத்துக்குள் குனிந்து இலை இலையாகப் பார்த்தார். அதன்பிறகே மைக்கிடம் வந்தார்.

"காலையில பதினாறு இருந்துச்சு. இப்ப எட்டு இருக்கு. வணக்கம்."

நாட்டுப்பண் பாடப்பட்டது. அன்று மாலையே குறிப்பேட்டை முடித்துப் பரந்தாமனிடம் கையெழுத்து வாங்கினேன். கடைசி வரி: 'விழா இனிதே நிறைவுற்றது. திருமதி வனஜா நன்றி கூறினார்.'