இடுப்பளவு காற்று

பந்து ஒரே ஒரு தடவைதான் தரையில் விழுந்தது. அடுத்த நிமிடம் கம்பெனியே கேட்டுக்கு வெளியே நின்றது.

பாண்டிச்செல்வி மட்டும் வேப்பமரத்துக்குப் பின்னால், எழும்பி வந்த பந்தைக் கையில் ஏந்தியபடி சொக்கிப்போய் நின்றாள். பள்ளிக்கூடத்தோடு கைவிட்டுப் போன கூடைப்பந்து, எத்தனையோ வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பட்டாசுக் கம்பெனியில் அவளுக்குத் தரைச்சக்கரம் சுற்றும் வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை விஸ்வநத்தம் கம்பெனிப் பெண்களோடு மேட்ச். கல்யாணத்துக்குப் பிறகு தனக்கே தனக்கென்று அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

ஓடியவர்களைக் குறை சொல்ல முடியாது. சிவகாசிப் பக்கம் 'டொம்' என்று கேட்டால் என்ன ஏது என்று யாரும் விசாரிப்பதில்லை, செருப்பைக்கூடத் தேடாமல் ஓடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு ஒருவரையாவது பறிகொடுக்காத தெரு அங்கே கிடையாது.

மேனேஜர் ரத்தினசாமி மூச்சு வாங்க வந்தார்.

"விளையாடு தாயி, வேணாங்கல. சத்தம் மட்டும் கேக்கப்படாது. இன்னொருக்கா கேட்டுச்சு, மேட்சும் கிடையாது, பந்தும் கிடையாது."

அன்று சாயங்காலமே ஊசியைச் செருகிக் காற்றை இறக்கினாள். சத்தம் போயே போய்விட்டது. கூடவே துள்ளலும் போனது. போட்ட இடத்திலேயே பந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தோளிலிருந்து விட்டால் இடுப்புவரை எழும்ப வேண்டும், அதுதான் சரியான காற்று என்பது ஆடிய நாளிலிருந்து அவள் கைக்குத் தெரியும்.

நாரணாபுரத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், இடுப்பளவுக்கு அடித்தால் போதும் என்றாள். கடைக்காரர் லோடு லாரிக்கே அடித்துப் பழகியவர், தாராளமாக அடித்துவிட்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஓங்கித் தட்டியதும் பந்து தலையைத் தாண்டி வேப்பங்கிளையை எட்டிப் பார்த்தது. அது மேலே போகிற அழகில் மயங்கி நின்றவளுக்கு, போனது இறங்கும் என்ற நினைப்பே வரவில்லை. சைக்கிள் கொட்டகைத் தகரத்தில் இறங்கியது.

கேட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது மேனேஜர்தான், சோற்றுக் கையோடு. டீமில் இருந்த சோலையம்மாள் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியாக ஒரே ஒரு சந்தர்ப்பம் வாங்கித் தந்தாள்.

"காத்துல குத்தமில்ல செல்வி, தரையிலதான் குத்தம்" என்று யோசனையும் அவளே சொன்னாள்.

காற்றைக் கொஞ்சம் குறைத்து, காலிச் சாக்குகளை விரித்து, அவற்றின்மேல் போட்டார்கள். பந்து சத்தமே இல்லாமல் இடுப்புவரை எழும்பியது. பாண்டிச்செல்விக்குக் கண் கிறங்கியது. விஸ்வநத்தத்து மைதானம் தெரிந்தது, கூடை தெரிந்தது, கை தட்டும் சனம் தெரிந்தது. எம்பிக் குதித்து, தெரிந்த கூடைக்குள் பந்தைப் போட்டாள். அந்த இடத்தில் காலித் தண்ணீர் டிரம் இருந்தது.

இந்தத் தடவை கேட்டுக்கு வெளியே ஒரு ஜீப்பும் நின்றது. பட்டாசு ஆலைகளின் பாதுகாப்பைச் சோதிக்க வந்த அதிகாரி, ஓடி வந்த கூட்டத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ரத்தினசாமி பந்தைப் பிடுங்கி வந்து அவரிடம் நீட்டி, எல்லாம் இதனால் வந்த வினை என்றார். பாண்டிச்செல்விக்கு அழுகை முட்டியது. ஞாயிற்றுக்கிழமை அவ்வளவுதான்.

அதிகாரி பந்தை அமுக்கிப் பார்த்தார்.

"காலையில போன கம்பெனியில, ஆபத்துன்னா வெளிய ஓடுற பயிற்சிக்குன்னு மணி அடிச்சு அடிச்சு என் கைதான் வலிச்சுது. ஒருத்தரும் வெளிய வரலை. அங்கயும் இதுல ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்லணும். ஏம்மா, இதுக்கு எம்புட்டுக் காத்து அடிக்கணும்?"