இலை எடையும் பதினொரு திருத்தங்களும்

சமையல் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று முறை வீட்டுக்குத் திரும்பியவன் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, குன்னூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் மூன்று மாதச் சோதனை வேலை கிடைத்தது. (கொடுத்தவர்களுக்கே ஆச்சரியம்.)

தேயிலை ஃபேக்டரிக்கு இலை எடை போடும் புரோகிராம். செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு தலைப்போடு ‘கமிட்’ ஆகப் பதிவாகும். அதில் பிழை இருந்தால், அதே தலைப்புக்கு முன்னால் ‘ஃபிக்ஸப்’ என்று போட்டுத் திருத்தத்தைத் தனியே பதியலாம். கடைசியில் ஒரு கட்டளை கொடுத்தால், திருத்தம் தானே மூலத்தைத் தேடிப்போய் அதற்குள் கரைந்துவிடும்.

‘இலை எடை’ என்றொரு கமிட் போட்டேன். பயத்தில் அதற்கொரு திருத்தம். அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம். அதற்கும் ஒன்று. மொத்தம் பதினொன்று. திருத்தத்தின் திருத்தம் எங்கேதான் போய் ஒட்டும்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

“எத்தன ஃபிக்ஸப் போட்டாலும் எல்லாம் மொதல் கமிட்டுக்கே போயிருமுங்க தம்பி,” என்றார் எங்கள் குழுத் தலைவி கவிதா அக்கா.

நிம்மதியாக விட்டிருக்கலாம். ‘இலை எடை’ என்ற தலைப்பு பத்தாவது படித்தவன் எழுதியதுபோல் இருக்கிறதே என்று தோன்றியது. முதல் கமிட்டில் மட்டும் அதை ‘பசுந்தேயிலை எடைப் பதிவு முறைமை’ என்று மாற்றினேன். பிறகு கட்டளை கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை. பட்டியலைப் பார்க்காமலே, ஆபீசில் எல்லோரும் பார்க்கும் பொதுப் பதிவேட்டுக்கு அனுப்பிவிட்டேன். (பார்த்தால் சந்தேகம் வருமே என்ற பயம்.)

மறுநாள் ஃபேக்டரி மேனேஜர் வந்தார். என் வேலை நிலைக்குமா என்று முடிவாகும் கூட்டம். சுவரிலிருந்த திரையில் கமிட் பட்டியல் விரிந்தது. பதினொரு திருத்தங்களும் கரையாமல், படிப்படியாக நீண்டு நின்றன. மேனேஜர் நிதானமாக வாசித்தார்: “ஃபிக்ஸப் ஃபிக்ஸப் ஃபிக்ஸப் ஃபிக்ஸப் இலை எடை... ஏனுங்க, இத எத்தன தடவ சொன்னா எடை சரியா வருமுங்க?”

அக்கா என் பக்கம் திரும்பினார். “தலைப்ப மாத்துனீங்களா?”

“கொஞ்சம் படிச்ச மாதிரி இருக்கட்டும்னுங்க அக்கா...”

“அந்தப் பேர வெச்சுத்தானுங்க அதுக மூலத்தத் தேடுது. பேர மாத்திப்போட்டா எங்க போகும்?”

பழைய தலைப்பை வைத்துக் கட்டளையை மறுபடி கொடுத்தேன். பதினொன்றும் காணாமல் போயின. ஒரே வரி: ‘இலை எடை’. அவமானத்தை மறந்து, “அட, எல்லாம் போயிருச்சுங்க,” என்றேன். மேனேஜர் சிரித்துவிட்டார். வேலை நிரந்தரமானது. எழுத்தில் ஒரு நிபந்தனை: தலைப்பைத் தொடக்கூடாது.

அருவங்காட்டில் எங்கள் வீட்டில் என்னைக் கேலி செய்ய இந்தக் கதையே போதுமானதாக இருந்தது. இப்போதும் அடுப்பைப் பார்க்கத் திரும்பி வந்தால், மகள் உள்ளே குரல் கொடுக்கிறாள்: “அம்மா, ரெண்டாவது ஃபிக்ஸப் வந்துருச்சு.”

மனைவி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. “வரட்டும். எத்தன தடவ போனாலும் இந்த ஊட்டுக்குத்தான வரோணும். வாசல்ல இருக்கற பேர மட்டும் அவர மாத்த விட்டுராத.”