ராஜா வந்தபோது பிஸ்கட் இல்லை

சும்மா உட்கார்ந்திருப்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள், ஒரு தடவை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவைக்குப் பஸ்ஸில் வந்து பார்க்க வேண்டும். பிரேக் சத்தம் ஏன் இப்படிக் கேட்கிறது, டிரைவர் ராத்திரி ஒழுங்காகத் தூங்கினாரா, அந்த மேட்டு மண் ஏன் ஈரமாக இருக்கிறது (மழை பெய்தால் மண் ஈரமாகத்தான் இருக்கும் என்பது எனக்கும் தெரியும்) என்று, இறங்கும் வரைக்கும் பஸ்ஸை மனசுக்குள் நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் இதுதான் காரணம். பரீட்சை என்று பாடம் எடுக்கும் சேர் சொன்ன அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். பரீட்சை முடிந்த அன்று விட்டுவிடும்.

இப்படிப்பட்டவனைப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? முதலில் பார்த்த இடத்தில், பெண்ணின் அப்பா பேச்சுக்கு, "மழை வரும் போல இருக்குங்க" என்றார். நான் அவர்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேட்டைக் காட்டி, அது சரிந்தால் எந்தெந்த வீடு போகும் என்று விளக்கினேன். (முதலில் போவது அவர்கள் வீடு.) இரண்டாவது இடத்தில் பெண் ஒரே ஒரு தும்மல் தும்மினாள். "இது ரொம்ப நாளா இருக்கா?" என்று கேட்டேன். இரண்டு வீட்டிலிருந்தும் பதிலே வரவில்லை.

மூன்றாவது இடம்தான் புவனா. தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். போனில் வந்த அவளுடைய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில், கடைசியில் ஒரு கண் மட்டும் திரை முழுக்க நின்றது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. இந்த இடமாவது கைவிட்டுப் போகக் கூடாது என்று வேண்டாத சாமி இல்லை.

என்னை மரக்கறி மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்ட தாய்மாமாதான் அன்றைக்கும் கூட வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்து சொன்னார்:

"டேய், இதுதான் கடைசி. இதையும் கெடுத்தீன்னா இனிமே ஒன்னைய கூட்டிக்கிட்டு எந்த வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன். பேசுறதெல்லாம் நான் பேசிக்கிறேன். நீ வாயைத் தெறக்காம பொறுமையா உக்காந்திரு, போதும்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் எல்லோரும் இருந்தார்கள், புவனாவைத் தவிர. டவுனுக்குப் போனவள் வரும் வழியில், ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம். (மண் சரிந்தது! என் நாக்கு எவ்வளவு துடித்தது தெரியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.) மழை வேறு பிடித்துக்கொண்டது. பேச்சும் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் புவனாவின் அண்ணன் ரவி, மாலைதீவில் ஹோட்டல் வேலையில் இருந்து லீவில் வந்தவர், ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வந்தார்.

"சும்மா எதுக்கு இருக்கணும்? போக்கர் போடுவோமா? அங்க வெள்ளைக்காரங்க இதத்தான் வெளையாடுவாங்க."

சீட்டு என்றதும் மாமாவுக்கு வந்த காரியமே மறந்துவிட்டது. புவனாவின் அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். காசு வைத்து ஆடினால் கொன்றுவிடுவேன் என்று உள்ளேயிருந்து புவனாவுடைய அம்மாவின் குரல் வந்தது. ரவி யோசித்தார். குசினிக்குப் போனார். புவனா டீ கொண்டு வரும்போது தட்டில் அடுக்குவதற்காக வாங்கி வைத்திருந்த மாரி பிஸ்கட் பக்கெட்டுகளை எடுத்து வந்து, ஆளுக்குச் சரிசமமாகப் பங்கு போட்டார்.

"ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில. நடுவுல வர்ற அஞ்சு சீட்டு எல்லாத்துக்கும் பொது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மொதல்ல ஒரு பிஸ்கட் போட்டுறணும். கெட்ட சீட்டு வந்துச்சா, கவுத்து வச்சிட்டு சும்மா இருங்க. அவசரப்படக் கூடாது. நல்ல சீட்டு வர்றப்ப அடிக்கிறதுக்கு கையில சாமான் இருக்கணும் மாப்பிள்ள. அவ்வளவுதான் போக்கர்."

எனக்கு முதலில் வந்தது ஏழும் ரெண்டும். கவிழ்த்தேன். அடுத்தது மூன்றும் எட்டும். கவிழ்த்தேன். அப்புறம் மறுபடியும் அதே ஏழும் ரெண்டும், வழி தெரியாத சொந்தக்காரர்கள் மாதிரி என்னையே தேடிக்கொண்டு வந்தன. மற்ற மூவரும் சிரிக்கிறார்கள், அதட்டுகிறார்கள், பிஸ்கட்டை அள்ளுகிறார்கள். நான் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

சும்மா இருந்தேன் என்றால், வாய் சும்மா இருந்தது. மனசு எங்கே இருந்தது? பஸ் பள்ளத்தில் விழுந்திருக்குமோ. இல்லை, பஸ்ஸெல்லாம் நல்லாத்தான் இருக்கு, என் படத்தைப் பார்த்துவிட்டு அவள்தான் வரமாட்டேன் என்று நிற்கிறாளோ. சீட்டு வராதவனுக்குப் பெண் மட்டும் எப்படி அமையும்? இப்படி ஒவ்வொரு கவலைக்கும் என் கை தானாகக் கீழே போய், தானாக மேலே வந்தது.

"தம்பிக்கு பிஸ்கட் சீக்கிரமா கொறையுதே" என்றார் புவனாவின் அப்பா.

"அவரு கவுத்துக்கிட்டேதானப்பா இருக்காரு, எப்படி கொறையும்?" என்றார் ரவி.

மாமா மட்டும் என் மீசையையே உற்றுப் பார்த்தார். (மீசையில் மாவு இருந்ததைப் பிறகுதான் சொன்னார்.)

அப்புறம் அது வந்தது. கையில் ரெண்டு ராஜா! நடுவில் விரித்த சீட்டில் இன்னொரு ராஜா! கூடவே ரெண்டு ஏழு. அவ்வளவு நேரமும் என்னைப் பாடாய்ப்படுத்திய அதே ஏழுகள், மன்னிப்புக் கேட்பது போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. மூன்று ராஜாவும் ரெண்டு ஏழும். இதை ஜெயிக்க அநேகமாக வேறு சீட்டே கிடையாது! மாமா கவிழ்த்தார். புவனாவின் அப்பா கவிழ்த்தார். ரவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளினார்.

"எல்லாம் வச்சிட்டேன். வர்றீங்களா மாப்பிள்ள?"

அந்த வீட்டுக்குள் வந்த பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தேன். "வர்றேன்! நானும் எல்லாம்!" என்று கத்திக்கொண்டு, என் குவியலைத் தள்ளக் கையை வீசினேன்.

பாயில் அரை பிஸ்கட் இருந்தது. ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் ரவி. "மிச்சம் எங்க?"

மிச்சத்தில் கடைசிக் கொஞ்சம் அப்போதும் என் வாயில் இருந்தது. பதில் சொல்லப் போனதில் அது தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது. மூச்சு விட முடியவில்லை. மாமா முதுகில் குத்தினார். (உதவிக்குக் குத்தியதாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார்.) கண்ணீரோடு நிமிர்ந்தால் எதிரில் டீத் தட்டு. தட்டைப் பிடித்திருப்பது யார் என்றுகூடப் பார்க்காமல் ஒரு கோப்பையை எடுத்து மடமடவென்று வாயில் ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. வாயில் போனதெல்லாம் அப்படியே திரும்பி வந்து, மூன்று ராஜாக்களையும் நனைத்து, புவனாவின் அப்பாவுடைய வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது.

தட்டைப் பிடித்திருந்தது புவனா. சரிந்த இடத்தை நடந்தே கடந்து, வேறு பஸ் பிடித்து, பின்பக்கமாக வீட்டுக்குள் வந்து, குசினிக் கதவோரம் நின்று ஆட்டத்தைப் பாதியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். படத்தில் பார்த்த அந்தக் கண்ணைத்தான் முதலில் அடையாளம் கண்டேன். அது இமைக்கவேயில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். அந்த வீட்டுத் தடுப்பு வெறும் பலகை. உள்ளே பேசியது அத்தனையும் எங்களுக்குக் கேட்டது.

"என்னாடி இது? பேசாம அனுப்பிருவோமா?" என்றது அம்மாவின் குரல்.

"எதுக்கும்மா அனுப்பணும்?" என்றாள் புவனா. "நம்ம வீட்டுல ரெண்டு தடவ கெட்ட சீட்டு வந்தா அண்ணே கட்டையே தூக்கி வீசும். அப்பா ஒங்கள திட்டுவாரு. இவருக்கு எவ்வளவு கெட்ட சீட்டு வந்துச்சி, பாத்துக்கிட்டேதான நின்னேன். யாரு மேலயும் கோவத்த காட்டல. பிஸ்கட்டு மேலதான் காட்டினாரு. பிஸ்கட்டு வாங்கிக்கலாம்மா."

புவனாவின் அப்பா சட்டையைத் துடைத்துக்கொண்டே, தன்னைப் பற்றி அல்ல என்பது போல மழையைப் பார்த்தார். ரவி சீட்டுகளைப் பொறுக்கினார். மாமா தேடிக் கண்டுபிடித்த ஒற்றைச் செருப்பை மெதுவாகக் கீழே வைத்தார். நான் அன்றைக்கு இரண்டாவது தடவையாக வாயைத் திறந்து, "ரோட்டுல மண்ணு ரொம்ப சரிஞ்சிருக்கா?" என்று பலகையைப் பார்த்துக் கேட்டேன். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

கல்யாணத்தன்று ரவி மச்சான் மேடையேறி, ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு பெட்டியை என் கையில் கொடுத்தார். திறந்தால் அரை மாரி பிஸ்கட். "அன்னிக்கு நீங்கதான் ஜெயிச்சீங்க. வச்சது அரைதான, அதான் அரை" என்று மைக்கிலேயே சொன்னார். அதற்கப்புறம் எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் எனக்கு மட்டும் பிஸ்கட்டை எண்ணித்தான் வைக்கிறார்கள்.

போன வாரம் மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வரவிருந்தது. நான் போனையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவளோ ஒரு கவலையும் இல்லாமல் தட்டு நிறைய மாரி பிஸ்கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"வெப்சைட் தொறக்குதே இல்லப்பா, லேட்டாகும் போல. ஒரேயடியா முடிச்சிறாதீங்க. ராஜா வர்றப்ப கையில ஒன்னாவது இருக்கணுமாம், அம்மா சொல்லச் சொன்னாங்க."