திலாப்பியாவின் பக்தி

தெஹியோவிட்ட பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் எங்கே போகிறார்கள்? மீன் கும்பிடுவதைப் பார்க்கப் போகிறார்கள்! மனிதன் கும்பிட்டு நடக்காத காரியம் மீன் கும்பிட்டு நடக்கப்போகிறதாம். தொண்ணூற்றெட்டில் அந்த றப்பர் தோட்டத்துக்கு வாய்த்த பாக்கியம் அது.

மாணிக்கக் கல் தேடித் தோண்டிக் கைவிட்ட பெரிய குழி ஒன்று தோட்டத்து ஓரத்தில் இருந்தது. லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த பெண்கள் அதில் திலாப்பியாக் குஞ்சு விட்டு, தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்த்தார்கள். தாய்மார் வேலைக்குப் போனபின் பிள்ளைக்காம்பராவில் பகலெல்லாம் கிடக்கும் குழந்தைகளுக்கு மீன் குழம்பு கிடைக்கட்டுமே என்றுதான். அங்கே பிள்ளை பார்க்கும் ஷாமிளாவின் யோசனை அது.

பிறகு மச்சானந்த சாமியார் வந்து சேர்ந்தார். தீனியோடு தம்முடைய மந்திரித்த மூலிகைத் தூளைக் கலந்தால் மீன் முழங்கை நீளம் வளரும் என்றார். கோயில் தலைவர் பழனியாண்டி உருகிப்போய் மாலை போட்டார். தூளைத் தூவி மந்திரம் சொன்னதும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "அனே, மாளு வந்தினவானே!" என்று பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண் ஒருத்தியும் மீன் கும்பிடுவதைத் தன் மொழியில் வியந்து கைகூப்பினாள்.

"கும்பிட்ட மீன கறி வைக்கப்படாது. அது சாமிக்கு!" என்றார் மச்சானந்தர்.

சாமிக்கு என்றால் சாமியாரின் கூடைக்கு. கூடை வாராவாரம் அவிசாவளைச் சந்தைக்குப் போனது. அதையும் தீர்த்த யாத்திரை என்று நினைத்துக்கொண்டார்கள் போலும்! பிள்ளைகளின் தட்டில் வெறும் பருப்பு. ஷாமிளாவுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் கூடையிலிருந்து துள்ளி விழுந்த மீன் ஒன்றை அவள், ஊற்றிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீர் பிடித்த வாளியில் போட்டு வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது பக்தியை விட்டுவிட்டு அடியில் சுகமாக நீந்தியது. அவளுக்குப் பொறி தட்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசையில் சாமியார் குழியில் தூள் தூவியதும், அவள் அந்த வாளியோடு கூட்டத்தின் நடுவே போய் நின்றாள்.

"சாமி, இந்த மீன கும்பிட வைங்க. தூளு வேணாம், மந்திரம் மட்டும் சொல்லுங்க."

கூட்டம் முறைத்தது. தோற்றால் லயத்தில் தலைகாட்ட முடியாது.

மச்சானந்தர் மந்திரம் சொன்னார். மீன் அசல் நாத்திகனாக அடியிலேயே கிடந்தது.

"பொம்பள தொட்ட தண்ணி! தீட்டு!" என்று கத்தினார்.

"சரிங்க சாமி." ஷாமிளா தூளில் ஒரு பிடி அள்ளி வாளியில் போட்டாள். "இப்ப மந்திரம் இல்ல, தூளும் தீட்டுந்தான் இருக்கு. பாருங்க!"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மீன் தள்ளாடி மேலே வந்தது, வாயைப் பிளந்தது.

ஓடையில் மீன் பிடிக்கும் யோகராஜ் தூளை முகர்ந்தான். "அட, மீன மயக்க நாங்க இடிச்சுப் போடுற காயில்லியா இது! மூச்சு முட்டித்தானே மேல வரும்!"

"அப்ப மீனு கும்பிடல்லியா?" பழனியாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

"மீனு மூச்சுக்குத் தவிச்சிச்சு தலைவரே. கும்பிட்டது நாங்கதான்" என்றாள் ஷாமிளா.

திரும்பிப் பார்த்தால் சாமியாரைக் காணோம். கூடையைக்கூட விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருந்தார். பெண்கள் வாளி வாளியாய்ப் பீலித் தண்ணீர் சுமந்து குழியில் ஊற்றினார்கள். மீன்கள் மெல்லத் தெளிந்தன.

பழனியாண்டி வெகுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "அப்படீன்னா சக்தி பீலியிலதான் இருக்கு! மஞ்சத் துணி கட்டி, ஒரு உண்டியலும் வைப்போமா?"

ஷாமிளா வாளியை இறக்கி வைத்தாள்.

"தலைவரே, யோசிக்கிறதுக்கு மட்டும் யாரும் காணிக்க கேக்கிறதில்ல. அதையும் ஒருக்கா செஞ்சு பாருங்களேன்!"